முன்குறித்தல் உண்மையானால் பிரசங்கம் வீணா?

"யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே தெரிந்துகொண்டுவிட்டார் (தேர்ந்தெடுத்துவிட்டார்), அப்புறம் சுவிசேஷம் எதற்கு?" என்ற பேச்சு சுற்றி வருகிறது. முன்குறித்தலை, அதாவது தேவனுடைய இந்த முன்தேர்வை, நம்புகிறவர்களின் போதனையே இதுதான் என்கிறார்கள். அது தவறு.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 18-ஐப் பாருங்கள். கொரிந்துவில் பவுலுக்கு எதிர்ப்பு. இரவில் கர்த்தர் சொல்கிறார்: "பேசு, மவுனமாயிராதே, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு." சரி, ஆட்கள்தான் ஏற்கெனவே உண்டே என்று பவுல் மூட்டை கட்டவில்லை, ஒன்றரை வருஷம் தங்கிப் போதித்தார். தெரிந்துகொள்ளுதலே பேசுவதற்குக் காரணமாகிறது.

முடிவைக் குறித்தவர் வழியையும் குறித்தார். "பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" என்று ரோமர் 10 கேட்கிறது, அதற்கு முந்தைய அதிகாரம்தான் தெரிந்துகொள்ளுதலை அவ்வளவு அழுத்திப் பேசுகிறது!

முன்குறித்தலை உறுதிப்படுத்திய 1618-19 டார்ட் மாநாடும் (நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்த சபைகளின் மாநாடு) சுவிசேஷத்தை வேறுபாடின்றி எல்லாருக்கும் அறிவிக்கவே சொன்னது. 1793-இல் வங்காளம் வந்த மிஷனரி வில்லியம் கேரியும் இதே நம்பிக்கைக்காரர்தான். யார் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பிரசங்கிக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.