ஆல்ஸ்டன் கடவுள் இருப்பை நிரூபிக்கவில்லை

அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஆல்ஸ்டன் 1991-இல் வெளியிட்ட 'பெர்சீவிங் காட்' (கடவுளை உணர்தல்) நூலில் கடவுள் இருப்பை நிரூபித்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. அவர் வாதம் வேறு. கண் காட்டும் மேசை உண்மைதானா என்று தொட்டுப் பார்த்தால், அந்தத் தொடுகையும் புலன்தானே! புலன்கள் நம்பகமானவை என்பதைப் புலன்களின் துணையில்லாமல் காட்ட முடியாது. ஆனாலும் அவற்றை நம்புவதை யாரும் மடமை என்பதில்லை. அதேபோல, வேரூன்றிய சமய அனுபவ மரபைச் சார்ந்து நம்புவதும், வலுவான எதிர்க்காரணம் எழாதவரை, அறிவுக்கு ஒவ்வாததல்ல என்கிறார். அவ்வளவுதான். நியாயமாக நம்பிய ஒன்று பொய்யாகவும் போகலாம் (இதைத்தான் கடவுளை நம்புவோர், மறுப்போர் என இரு தரப்பும் வசதியாக மறந்துவிடுகிறது). நூல் கிடைத்தால் மூன்றாம் அத்தியாயத்தையும், சமயங்கள் ஒன்றோடொன்று முரண்படும் சிக்கலைப் பேசும் ஏழாம் அத்தியாயத்தையும் புரட்டிப் பாருங்கள். நிரூபணம் அங்கே இருக்காது.