ஆய்வறிக்கையில் இடம்பெறாத மெக்கானிக்

அண்டார்க்டிகா ஆய்வு நிலையங்களைப் பற்றிய செய்திகளில் விஞ்ஞானிகள் மட்டுமே பேசப்படுகிறார்கள். டீசல் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், பிளம்பர், சமையற்காரர் எல்லோரையும் 'உதவிப் பணியாளர்கள்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை. அங்கே எடுக்கப்படும் ஒவ்வோர் அளவீட்டிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு பெயரோடு பதிவாக வேண்டும்.

வோஸ்டோக்கில் நடந்ததைக் கேளுங்கள். 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவான ரஷ்ய நிலையம் அது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் அங்கே மின்நிலையம் தீப்பற்றி எரிந்தது. தலைமை மெக்கானிக் அந்தத் தீயிலேயே மாண்டார். ஜெனரேட்டர்கள் போயின, வெளிச்சமும் வெப்பமும் அவற்றோடு போயின. குளிர்காலம் தொடங்கிய பிறகு அங்கே விமானமும் இறங்காது, தரைவழியாகவும் யாரும் போய்ச் சேர முடியாது. எஞ்சியிருந்த இருபது பேரும் கேஸ் சிலிண்டர்களைக் கொண்டு அடுப்பு செய்து, டீசலை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். மெழுகுவத்திகளைத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள். கரியிலும் புகையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். பிற்காலத்தில் 4 லட்சம் ஆண்டுகளின் தட்பவெப்பத்தை உலகுக்குச் சொன்ன பனியும் அதே வோஸ்டோக்கில், 3,600 மீட்டருக்கும் கீழே துளையிட்டு எடுக்கப்பட்டதுதான்.

ஜெனரேட்டர் அறைதான் நிலையத்தின் உயிர் என்பதை வெளியிலிருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. தென் துருவத்திலுள்ள அமெரிக்க நிலையத்தில் குடிநீர்கூட அந்த எஞ்சின்களின் வெப்பத்தால்தான் கிடைக்கிறது: சுடுநீரைப் பனிக்குள் ஆழமாகச் செலுத்தி, உருகிச் சேரும் நீரை மேலே இறைக்கிறார்கள். எஞ்சின் நின்றால் தண்ணீரும் நிற்கும். தண்ணீர் நின்றால் தீயை அணைப்பதும் கடினமாகிவிடும். 2012 பிப்ரவரியில் பிரேசில் நாட்டு நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்த பகுதியில் மூண்ட தீ, அணைக்கப் போராடிய இருவரைப் பலிகொண்டது.

பனியோடு நடக்கும் மல்லுக்கட்டு தனி. இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்தே கைவிடப்பட்டது. பிரிட்டனின் ஹேலியில் முதல் நான்கு கட்டடங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. இப்போதுள்ள கட்டடம் பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய கால்களில் நிற்கிறது. பனி ஏற ஏற அந்தக் கால்களை உயர்த்த வேண்டும்.

அந்த ஹேலியில் எடுத்த அளவீடுகளைக் கொண்டுதான், ஓசோன் படலம் மெலிந்துபோவதை 1985-இல் மூன்று விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். அவர்கள் புகழுக்கு முற்றிலும் உரியவர்கள். ஆனால் அந்த முடிவுக்கு வழிவகுத்தது 1957-லிருந்து விடாமல் எடுக்கப்பட்ட அளவீடு. இடையில் வந்த குளிர்காலங்கள் ஒவ்வொன்றிலும் யாரோ எஞ்சினைப் பழுதுபார்த்தார்கள், யாரோ பனியை அள்ளினார்கள், யாரோ சமைத்துப் போட்டார்கள். அவர்கள் இல்லாமல் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளிகூட விழுந்திருக்காது.

இனி எல்லாவற்றையும் தானியங்கிக் கருவிகளிடம் விடலாமே என்கிறார்கள். நிலையம் நிற்கும் மிதக்கும் பனித்திட்டில் விரிசல் பெருகியதால் 2017 முதல் ஹேலியில் குளிர்காலத்தில் ஆட்கள் தங்குவதில்லை. ஒரு சிறிய டர்பைனின் மின்சாரத்தில் கருவிகள் இயங்குகின்றன. உயிருக்கு ஆபத்து குறைவது நல்லதே, வரவேற்கிறேன். ஆனால் அந்த டர்பைனையும் கோடையில் ஒரு தொழில்நுட்பர்தானே பிரித்துச் சரிபார்த்து வைக்கிறார்?

நான் கேட்பது இதுதான். நிலையத்தின் தரவுகளை வெளியிடும்போது, அந்த ஆண்டு அங்கே குளிர்காலத்தைக் கழித்த அனைவரின் பெயரும், மெக்கானிக் முதல் மருத்துவர் வரை, அவரவர் பணியோடு அச்சேற வேண்டும். நன்றியுரை என்று கடைசிப் பக்கத்தில் ஒதுக்காமல், தரவுகளை எடுத்தவர்கள் என்றே அவர்களைக் குறிப்பிட வேண்டும்.