கரகரத்தா உடனே பிரிட்ஜைத் தூக்காதேங்கோ

வன்னியிலை சோளகக் காத்து அடிக்க, ஃபிரெட் (விரல்பலகையிலை குறுக்காப் பதிச்ச கம்பி) இல்லாத பேஸ் கிற்றார் கரகரக்கத் தொடங்கும். உடனே உடம்புப் பக்கம் தந்தியைத் தாங்கிற பிரிட்ஜைத் தூக்கிறது! பெரிய ஆக்கினை. தந்தி உயர்ந்து விரல் நோகும், சுருதி விலகும். காரணம் அப்பிடியே கிடக்கும்.

காய்ஞ்ச காத்துக்கு விரல்பலகை சுருங்கி, கழுத்து பின்பக்கம் வளையுது. முதல் அதைப் பாருங்கோ. தடிச்ச ஈ தந்தியை முதலாம் ஃபிரெட் வரவேண்டிய இடத்திலையும் கழுத்து உடம்போடை சேருற இடத்திலையும் அமத்துங்கோ. ஏழாம் இடத்தடியிலை தந்திக்கும் பலகைக்கும் நடுவிலை விசிற்றிங் காட் தடிப்பு, கிட்டத்தட்ட 0.2 மி.மீ., இடைவெளி இருக்கோணும். அதிலும் குறைவெண்டா கழுத்துக்குள்ளை ஓடுற ட்ரஸ் ரொட் கம்பியை இடஞ்சுழியாக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, சுருதி சேர்த்து, அடுத்த நாள் திரும்பப் பாருங்கோ. ஒரே மூச்சிலை முழுச்சுற்றுத் திருப்பிறவைக்கு என்னத்தைச் சொல்ல?

வெறுந்தந்தி மட்டும் கரகரத்தா கழுத்தின்ரை தலைப்பக்கம் தந்தியைத் தாங்கிற நட்டின்ரை வெட்டு ஆழம் கூடிப்போச்சு. ஒரே இடத்திலை எண்டா, பலகையை வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாருங்கோ: சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட் தந்தி அரிச்ச கோடு பளிச்செண்டு தெரியும். அந்த இடத்தை மட்டும் உரஞ்சினா பள்ளம் இன்னும் கூடும். தந்தியைக் கழட்டி, பலகையின்ரை வளைவுக்கேத்த கட்டையிலை 320 சான்ட் பேப்பரை ஒட்டி, முழு நீளத்துக்கும் உரஞ்சோணும். பிறகு வழுவழுப்பான ஃபிளாட்வூண்ட் தந்தி போடுங்கோ.

மாரி தொடங்க பலகை ஊதும். அப்ப தளர்த்தின கால் சுற்றைத் திரும்ப இறுக்கோணும்.