வட்டி ஏறினது 2022இல், வினை விதைச்சது 2020இல்

கிழக்கிலங்கையில் சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் எந்த அரிசி மில்காரரோடு கதைத்தாலும், "2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டிய ஏத்தி எங்கட கழுத்த அறுத்துட்டு" என்றுதான் சொல்வார். ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்கு விளங்குது. ஆனால் திகதியை மாற்றிப் பிடிக்கிறோம்.

ஏப்ரல் 8, நந்தலால் வீரசிங்க ஆளுநராக வந்த மறுநாள், கொள்கை வட்டி (வங்கிகள் மத்திய வங்கியில் பணம் வைத்தாலோ கடன் எடுத்தாலோ உள்ள வட்டி) ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏறி, வைப்புக்கு 13.5, கடனுக்கு 14.5 சதவீதம் ஆனது. ஏற்றிய பிறகும் அந்தச் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம். வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடனை எப்போது எடுத்தோம்? கொவிட் நேரம், 2020 ஜூலையில் அதே வட்டியை 4.5, 5.5 வரை இறக்கினார்கள். ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர்., அதாவது வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி, 6 சதவீதத்துக்குக் கீழே போனது. வங்கி அதிகாரிகள் மில் வாசலுக்கே வந்தார்கள். நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற கலர் சோர்ட்டர் வாங்கினோம், வீட்டுக் காணி உறுதியை ஈடு வைத்து ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கிற மேலதிகப் பற்று) லிமிட்டைக் கூட்டினோம். நான் பார்த்த ஒரு கடன் கடிதத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரி: ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். கூட்டல் 2, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். எல்லோருடைய கண்ணும் அந்த 2இல்தான். முன்னால் நிற்கிறது எவ்வளவு ஏறும் என்று யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

5 கோடி கடனுக்கு 8 சதவீதம் என்றால் வருடத்துக்கு 40 இலட்சம். 2022 கடைசியில் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். 25ஐயும் தாண்டியது. அந்த 2ஐயும் கூட்டி 27 என்று வைத்தாலே 1 கோடி 35 இலட்சம். அந்த வருடம் உரத் தடையால் பெரும்போக விளைச்சல் விழுந்து, டீசலும் இல்லை. ஆலை ஓடினால்தானே வட்டி கட்டலாம்?

இறங்கின கதையையும் பாருங்கள். 2023 ஜூனில் 2.5 புள்ளியும் ஜூலையில் 2 புள்ளியும் குறைத்தும் வங்கிகள் மெதுவாகத்தான் அசைந்தன. கடைசியில் ஓகஸ்டில் தற்காலிக ஓ.டி.க்கு 23, நகை அடகுக்கு 18 என்று மத்திய வங்கி உச்சவரம்பு போட வேண்டி வந்தது. ஏற்றுவதற்கு மட்டும் யாரும் உத்தரவு போடத் தேவைப்படவில்லை!

கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே விற்கிற பராட்டே ஏலத்தை 2024இல் நிறுத்தி 2025 மார்ச் வரை இழுத்ததை நம்மவர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷமில்லை. ஏலம்தான் நின்றது, வட்டி நிற்கவில்லை. அதோடு, வங்கி கடன் கொடுக்கிறது ஓய்வுபெற்ற வாத்தியாரின் நிலையான வைப்பை எடுத்துத்தான். 2023 முடிவில் வங்கிகளின் செயற்படாக் கடன், அதாவது ஒழுங்காகத் திரும்பி வராத கடன், மொத்தக் கடனில் 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது ஒரே வீதமாகிவிட்ட கொள்கை வட்டி 2025 மே மாதம் 7.75க்கு வந்தது. அதிகாரிகள் மறுபடி மில் வாசலுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். வட்டியை இறக்குகிற மத்திய வங்கி இன்னொன்றையும் வங்கிகளுக்குக் கட்டாயமாக்கலாம்: கடன் கடிதத்தோடு தமிழில் ஒரு தாள். வட்டி 5 புள்ளி ஏறினால் மாதக் கட்டுப்பணம் எவ்வளவு, 10 ஏறினால் எவ்வளவு, 20 ஏறினால் எவ்வளவு. பக்கத்தில், அதே கடனை மாறா வட்டியில் எடுத்தால் எவ்வளவு. ஒப்பம் வைக்கிறவர் இரண்டையும் பார்த்துவிட்டு வைக்கட்டும்.