ரியாக்டேபிள் கட்டைகளுக்குள் சிப் இல்லை

ரியாக்டேபிள் என்பது மேலே கட்டைகளை வைத்து வாசிக்கும் மேசை வடிவ இசைக்கருவி. அதைப் பற்றி ஒருவர், "ரியாக்டேபிள் மேசையில் வைக்கும் ஒவ்வொரு கட்டைக்குள்ளும் சிப் இருக்கிறது, அதை வைத்துத்தான் மேசை அடையாளம் காண்கிறது" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அந்தக் கட்டைகளில் மின்சாரமே கிடையாது.

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் உருவானது இந்தக் கருவி; 2007 சுற்றுப்பயணத்தில் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் மேடையேற்றியதும் அதையே. மேசைப்பரப்பு ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் அகச்சிவப்பு விளக்குகள், ஒரு கேமரா, ஒரு புரொஜெக்டர். கட்டையின் அடிப்பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் அமீபா மாதிரி ஒரு குறி ஒட்டியிருக்கும். கேமரா பார்ப்பது அதைத்தான்.

இதில் அழகே அந்தக் குறியைப் படிக்கும் விதம். கேமரா படத்தைப் படிக்கும் ரியாக்டிவிஷன் மென்பொருள் வடிவத்தை அளப்பதில்லை. எந்தத் திட்டுக்குள் எத்தனை திட்டுகள் என்ற உள்ளடுக்கை, கிளை பிரியும் ஒரு மரம் போன்ற வரைபடமாக எடுத்துக்கொள்கிறது. கட்டையைச் சுழற்றினாலும் அந்த மரம் மாறாது, அதனால் அடையாளமும் மாறாது. கடைசி அடுக்குப் புள்ளிகளின் சராசரி மையம் இடத்தைச் சொல்லும். அங்கிருந்து கறுப்புப் புள்ளிகளின் மையம் இருக்கும் திசை, கட்டை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். காகிதத்தில் அச்சடித்து ஒட்டினாலே போதும். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், தயவுசெய்து சிப் வாங்கச் சொல்லி அவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

சிப் இருக்கிறது என்று எழுதியவர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான சென்ஸ்டேபிள் என்ற மேசையை நினைத்திருக்கலாம். அதில் மின்காந்த முறைதான், மேலே வைக்கும் வில்லைகளுக்குள் மின்சுற்று உண்டு. அப்புறம், மைக்ரோசாஃப்ட் 2007-இல் அறிவித்த சர்ஃபேஸ் மேசையும் கேமரா வகையே: 5 அகச்சிவப்புக் கேமராக்கள்.