மூட்டை மூட்டைதான் என்று சொன்ன நண்பருக்கு

சனிக்கிழமை இரவு நேரலையைக் கேட்டவர்களுக்கு இந்தப் பதிவு எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்கு முழுக் கதையையும் விளக்கும் மனநிலை எனக்கு இன்னும் வரவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குகளான ஏர்ல் கேம்ப்பெல்லும் ஜெரோம் பெட்டிஸும் ஓடும் விதத்தில் உள்ள வேறுபாட்டை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் இடைமறித்து, "நெல் மூட்டையானாலும் பஞ்சு மூட்டையானாலும் மூட்டை மூட்டைதானே, சார்" என்று கேட்டதும், ஏறக்குறைய எல்லாரும் சிரித்ததும், பேச்சு உடனே பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளிடம் தாவியதும் உங்களுக்கு நினைவிருக்கும். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

நான் சொல்ல வந்தது மிகவும் எளிய விஷயம். உடல் எடையை வைத்து ஒருவர் ஓடும் முறையைச் சொல்லிவிட முடியாது. ஜிம் பிரவுனையும் கேம்ப்பெல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பதிவேட்டில் உள்ள எடை ஒன்றே: 232 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 105 கிலோ. பிரவுன் மூன்று அங்குலம் உயரம் கூடியவர், அவ்வளவுதான். நண்பரின் மூட்டைக் கணக்குப்படி இருவரும் ஒரே மாதிரி ஓடியிருக்க வேண்டும். ஆனால் கிளீவ்லாண்ட் அணிக்காக 1957 முதல் 1965 வரை ஆடிய பிரவுன், தம்மைப் பிடிக்க வருபவருக்கு முதலில் ஒரு காலைத் தளர்த்திக் கொடுப்பார். பிடித்துவிட்டோம் என்று அவர் நம்பும் நொடியில் அந்தக் காலை உருவிக்கொண்டு, முன்கையால் ஓர் இடியும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எந்த மோதலை ஏற்பது, எதைத் தவிர்ப்பது என்பதை அவரே தீர்மானித்தார். ஒன்பது பருவங்களில் 118 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை; ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 5.2 யார்டு. வீழ்த்தப்பட்ட ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே மெதுவாக எழுந்து, உண்மையிலேயே அடிபட்டதா இல்லையா என்று எதிரணி ஊகிக்க முடியாதபடி செய்தவர் அவர். இதில் மூட்டை எங்கே இருக்கிறது?

ஹூஸ்டன் ஆயிலர்ஸின் கேம்ப்பெல்லோ மோதலைத் தேடிப் போனவர். உடலைத் தாழ்த்தி, தலையை முன்னால் கொடுத்து, அந்தப் பெருந்தொடைகளின் உந்துதல் முழுவதையும் எதிராளியின் நெஞ்சில் இறக்குவார். 1978இல் ராம்ஸ் அணியின் தடுப்பாளரான லைன்பேக்கர் ஐசையா ராபர்ட்சனை நெஞ்சில் முட்டித் தள்ளிவிட்டு, மேற்சட்டை கிழிந்து தொங்கத் தொங்க ஓடிய காட்சியைப் பார்க்காதவர் குறைவு. அதை மட்டும் பார்த்தவர்கள்தாம் முட்டல் என்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, மயாமிக்கு எதிரான திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில், அவர் 199 யார்டு ஓடி நான்கு டச்டவுன் எடுத்தார், அதாவது நான்கு முறை எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தார். நான்காவது டச்டவுன் 81 யார்டு ஓட்டம், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பக்கக்கோட்டை ஒட்டி. அதுவரை இடித்து இடித்துச் சோர்ந்திருக்க வேண்டிய கால்கள், துரத்தி வந்தவர்களை விட்டு விலகிப் போயின. முட்ட மட்டுமே தெரிந்த ஒருவரால் அப்படி ஓட முடியுமா?

இதையெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி பார்த்தேன். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஆஸ்ட்ரோடோமில் கேம்ப்பெல்லை நேரில் பார்த்தவர். இடைவேளையில் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுவார். காட்டுவார் என்பதைவிட நிறுத்தி நிறுத்திச் சித்திரவதை செய்வார் என்பதே சரி. எந்த ஆட்டத்தையும் அவர் என்னை முடிவுவரை பார்க்க விட்டதில்லை. மோதும் இடத்தைப் பார்க்காதே, மோதுவதற்கு முந்தைய இரண்டு எட்டுகளைப் பார் என்பதே அவருடைய ஒரே பாடம். அதே கிடங்கில் மூட்டையும் தூக்கியிருக்கிறேன். நெல்லும் பஞ்சும் ஒரே மாதிரிதான் தோளில் ஏறும் என்று சொல்பவர் வாழ்க்கையில் இரண்டில் ஒன்றைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார் என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த இரண்டு எட்டுகளைப் பார்த்தால்தான் பெட்டிஸ் புரிவார். 250 பவுண்டுக்கும் மேற்பட்ட உடல், பட்டப்பெயரே 'பஸ்'. ஆனால் கால்கள் சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டி வைக்கும் கால்கள். நேர் மோதலுக்கு ஓர் எட்டு முன்னால் தோளைச் சற்றுத் திருப்பிவிடுவார்; வருபவருக்குப் பாதி உடல்தான் கிடைக்கும். மார்ஷான் லிஞ்ச் இன்னொரு வகை. 2011 ஜனவரி 8 அன்று சியாட்டிலில், நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக அவர் ஓடிய 67 யார்டுக்கு எழுந்த ஆரவாரம் அருகிலிருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியிலேயே பதிந்தது. அந்த ஓட்டத்தில் டிரேசி போர்ட்டரைத் தள்ளிவிட்ட கையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, இடுப்பிலும் காலிலும் கைகள் விழுந்துகொண்டே இருந்தபோதும் அவருடைய கால்கள் ஒரு நொடிகூட ஓயாமல் இயங்கியதும், ஒவ்வொரு இடிக்குப் பின்னும் உடல் தானாகவே சமநிலைக்குத் திரும்பியதும்தான்.

டெரிக் ஹென்றி இவர்கள் யாருடனும் சேராதவர். தாழ்ந்து ஓடு என்பது பவர் பேக்குகளுக்கு, அதாவது இடித்து ஓடும் ரன்னிங் பேக்குகளுக்கு, சொல்லித்தரும் முதல் பாடம். ஆறடி மூன்றங்குல உயரத்தில் அவர் நிமிர்ந்தே ஓடுகிறார். வேகம் பிடிக்க அவருக்குச் சில எட்டுகள் தேவை. அதற்குள் மறித்துவிட்டால் அவரும் சாதாரண மனிதர்தான். அந்த எட்டுகள் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2018 டிசம்பரில் ஜாக்சன்வில்லுக்கு எதிராக அவர் ஓடிய 99 யார்டு இருக்கிறது. அருகில் வந்தவர்களை நீட்டிய கையாலேயே தூரத்தில் நிறுத்தினார். முப்பது வயதானால் ரன்னிங் பேக் முடிந்தார் என்று சொல்லும் இந்த ஆட்டத்தில், முப்பது வயதில், 2024 பருவத்தில், பால்டிமோருக்காக 1,921 யார்டு ஓடினார். ஆனால் நமக்கு அவரும் மூட்டைதான்.

என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். எடை இல்லாமல் இவர்களில் யாராவது இப்படி ஓட முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, நான் எப்போது முடியும் என்றேன்? எடை நுழைவுச்சீட்டு மட்டுமே, உள்ளே போய் என்ன செய்தார்கள் என்பதே என் கேள்வி. பெட்டிஸின் சராசரி 3.9 யார்டு, பிரவுனின் சராசரி 5.2, இதற்குமேல் என்ன ஒப்பீடு வேண்டும் என்று எண்களோடு வருபவர்களும் உண்டு. 2004 பருவத்தின் முதல் ஆட்டத்தில் பெட்டிஸ் ஐந்து முறை ஓடி எடுத்தது மொத்தம் ஒரே ஒரு யார்டு. அதிலேயே மூன்று டச்டவுன். அந்த ஆட்டத்துக்கும் சராசரி போட்டு மகிழுங்கள். பேரி சாண்டர்ஸின் ஓட்டம் இவர்கள் எல்லாருடையதையும்விட அழகு என்பவர்களுக்கு என் பதில்: சரி, அழகு. பேச்சு அவரைப் பற்றியதாக இல்லை.

நீங்கள் இந்த ஆட்டத்தை ஆடியவரா என்ற கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. கேட்டவரும் ஆடியதில்லை.

என்னை உண்மையில் சுட்டது வேறொன்று. கேம்ப்பெல் அவ்வளவு அறிவோடு ஓடியிருந்தால் ஏன் இன்று நடக்கவே சிரமப்படுகிறார் என்று ஒருவர் கேட்டார், அதையும் சிரித்துக்கொண்டே கேட்டார். 1980 பருவத்தில் மட்டும் அவரிடம் 373 முறை பந்தைக் கொடுத்தார்கள். 1,934 யார்டு ஓடினார். ஒரே பருவத்தில் ஒரு மனிதரின் உடலை 373 முறை சுவர்மீது மோதவிட்டது அணி. கைதட்டியது இந்த ஊர். முதுகும் முழங்கால்களும் அவருடையவை. விதியே மாறிய பிறகு இன்று அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் லைனைத் தாண்டிய திறந்த வெளியில் தலைக்கவசத்தின் உச்சியால் இடிக்கக் கூடாது என்று 2013இல்தான் ரன்னிங் பேக்குகளுக்கு விதி வந்தது. அவருடைய காலத்தில் அதைச் செய்ததற்குக் கிடைத்தது பாராட்டு. எறிபவரின் பிழையைக் கணிப்புத் தவறு என்று பெருந்தன்மையாகப் பேசும் நாம், சுமந்து ஓடியவரின் காயத்தை மட்டும் எப்படி அறிவின்மையாகக் கணக்கெழுதுகிறோம் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

விளையாட்டாகச் சொன்னதைப் பெரிதாக்க வேண்டாம் என்று நேற்று எனக்கு ஒரு செய்தி வந்தது. ஆக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான். பதிவேற்றிய காணொளியில் வாஷிங்டன் அணியின் ஜான் ரிக்கின்ஸைப் பற்றி நான் பேசிய பகுதியைக் காணவில்லை. 1983 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், 13க்கு 17 என்று வாஷிங்டன் பின்தங்கியிருந்தபோது, பந்தைத் தக்கவைக்கும் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவைப்பட்ட இடத்தில், வாஷிங்டன் வரிசையில் நகர்ந்த ஆளைத் தொடர்ந்து போன மயாமியின் டான் மெக்னீல் வழுக்கி, திரும்பி வந்து ரிக்கின்ஸின் மேற்சட்டையைப் பிடித்தும் நிறுத்த முடியாமல் போய், அது 43 யார்டு டச்டவுன் ஆனதை நான் விளக்கிய பகுதி அது. மூட்டை நகைச்சுவை அப்படியே இருக்கிறது. இதையும் சேர்த்துவிடுங்கள்.