சோற்று மூட்டையோடு வந்தவர்களுக்கும் அந்தப் பூங்கா சொந்தம்

சென்ற வாரம் நம் ஹியூஸ்டன் தமிழ்க் குழுக்களில் சுற்றிய அந்தப் புகைப்படத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே மறுபடியும் பகிர்ந்து அந்தக் குடும்பத்தை இரண்டாம் முறை அவமானப்படுத்த எனக்கு மனமில்லை. மாநிலப் பூங்கா ஒன்றின் மரத்தடி மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. மேசைமேல் எவர்சில்வர் தூக்குவாளியும் தயிர்சாதமும் ஊறுகாய் பாட்டிலும் இருக்கின்றன. சேலை கட்டி, ரப்பர் செருப்பு போட்ட ஒரு வயதான அம்மாள் பேரப்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்காமல், அவருக்குத் தெரியாமல் எடுத்த படம் அது. ‘இவர்கள் இயற்கையைப் பார்க்க வரவில்லை, சாப்பிட வந்திருக்கிறார்கள், இப்படிப்பட்டவர்களால்தான் பூங்காக்கள் கெட்டுப்போகின்றன’ என்று அதன் கீழே எழுதியிருந்தவர், மலையேற்றத்தில் நல்ல பயிற்சியும் அனுபவமும் உள்ள ஒரு நண்பர். பலரும் சிரித்துவிட்டுக் கடந்து போனார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட வருவதும் பூங்காவுக்கு வருவதுதான். மரத்தடியில் உட்கார்ந்து சோறு தின்பதற்காக மட்டும் ஒருவர் வந்தாலும், அவர் அந்த இடத்தின் முழு உரிமையுள்ள விருந்தாளிதான். பத்து மைல் நடந்தவரைவிட அவர் ஒரு படியும் கீழானவர் அல்லர்.

டெக்சாஸில் இந்தப் பூங்காக்கள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் பார்த்தாலே இது விளங்கும். ஆளுநர் பேட் நெஃப் விடாமல் வற்புறுத்தியதால் 1923-இல் மாநிலப் பூங்கா வாரியம் அமைக்கப்பட்டது. அப்போதுதான் சாதாரணக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கியிருந்தன. வண்டியில் ஊர் ஊராகப் போகிறவர்கள் இறங்கி இளைப்பாறவும், கூடாரம் அடித்துத் தங்கவும், அடுப்பு மூட்டிச் சமைக்கவும் பொது நிலம் வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. லியோன் ஆற்றங்கரையில் அவருடைய தாயார் இசபெல்லா நெஃப் பொதுமக்களுக்காக விட்டுச்சென்ற 6 ஏக்கர் நிலம் இன்று ‘மதர் நெஃப்’ மாநிலப் பூங்காவின் பகுதியாக இருக்கிறது. அக்கம்பக்கத்து மக்கள் கூடிப் பேசவும் உண்ணவும் அந்தத் தாய் கொடுத்த இடத்திலிருந்து வளர்ந்த ஓர் ஏற்பாட்டில், ஒரு பாட்டி பேரனுக்குச் சோறூட்டுவது எப்படி அத்துமீறலாகும்?

அதன்பின் 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம் வந்தது. வேலையற்ற இளைஞர்களைத் திரட்டி 1933 முதல் 1942 வரை கூட்டரசு நடத்திய சிசிசி என்ற திட்டத்தின் கீழ், மாதம் 30 டாலர் சம்பளத்தில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் காலம் தள்ளிய பிள்ளைகள் கல் உடைத்துக் கட்டியவைதான் பாஸ்ட்ராப், பேலோ டூரோ, பால்மோரேயா போன்ற பூங்காக்கள். அவர்கள் கட்டியவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள். நடைபாதைகள் இருக்கின்றன, அவற்றோடு கல் மேசைகளும், கல் அடுப்புகளும், நிழற்கூடங்களும் இருக்கின்றன. பாஸ்ட்ராப் பூங்காவின் முகமாக எல்லாப் படங்களிலும் வருகிற அந்த அழகான கற்கட்டடம் ஓர் உணவுக்கூடம். 2011 செப்டம்பரில் அந்தப் பூங்காவின் பெரும்பகுதியைக் காட்டுத்தீ தின்றபோது தீயணைப்பு வீரர்கள் போராடிக் காப்பாற்றிய கட்டடங்களில் அதுவும் ஒன்று. மக்கள் கூடி உண்பதற்கென்றே கட்டி, மக்கள் கூடி உண்பதற்கென்றே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

‘இயற்கை என்றால் அமைதி, இவர்கள் வந்தால் இரைச்சல்’ என்று ஒருவர் பின்னூட்டம் எழுதியிருந்தார். கார்னர் மாநிலப் பூங்காவுக்கு அவர் போனதில்லை என்று நினைக்கிறேன். ஃபிரியோ ஆற்றங்கரையிலுள்ள அந்தப் பூங்காவில், சிசிசி இளைஞர்கள் கட்டிய மண்டபத்தில், 1940-களிலிருந்து கோடைக்கால மாலைகளில் இசைப்பெட்டியைப் பாடவிட்டுக் குடும்பம் குடும்பமாக ஆடுகிறார்கள். தாத்தா ஆடிய தளத்தில் பேத்தி ஆடுவது அங்கே பெருமைக்குரிய மரபு. அதைக் காணவே தொலைவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அவர்கள் ஆடினால் பாரம்பரியம், நம் பிள்ளைகள் மேசையைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினால் இரைச்சலா? நடைபாதையில் ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு நடப்பவர்களை நானும் கண்டிக்கிறேன். இரவு 10 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, அதை மீறுகிறவர்களுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒலிபெருக்கி ஏது?

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் இருப்பவர் என் அம்மா அல்லர். ஆனால் பார்த்த கணத்தில் எனக்கு அம்மாதான் தெரிந்தார். விசாவில் வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, கார் ஓட்டத் தெரியாமல், பக்கத்து வீட்டாரோடு பேச மொழியில்லாமல், குளிரூட்டிய நான்கு சுவருக்குள் ஜன்னலையும் தொலைக்காட்சியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்க் கரையிலும் கொல்லையிலும் நாளெல்லாம் நடமாடிய என் அம்மா, இங்கே வந்த சில வாரங்களிலேயே வாடிப்போனார். ‘எப்பப்பா ஊருக்கு டிக்கெட்டு?’ என்பதைத் தவிர என்னிடம் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப்போன அன்றுதான் அம்மாவின் பேச்சு திரும்பியது. நாற்பது ஏக்கர் ஏரிக் கரையில் இறங்கியதும், ‘கண்மாய் மாதிரியே இருக்கேப்பா’ என்றார். தாமரை இலைகளுக்கிடையே சிவந்த நெற்றியோடு நடந்துபோன கோழியைப் பார்த்து, ‘தாழைக்கோழி’ என்று பெயர் சொன்னார். நான் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் அடுத்த பறவைக்குப் போயிருந்தார். நீரில் மூழ்கி எழுந்த பாம்புத்தாரா ஒன்று பட்ட மரக்கிளையில் ஏறி, இரண்டு இறக்கைகளையும் அகல விரித்து வெயிலுக்குக் காட்டியது. கழுத்து மட்டும் வளைந்து வளைந்து திரும்பிக்கொண்டிருக்க, இறகு நுனியிலிருந்து நீர் சொட்டிற்று. அது காய்ந்து இறக்கையை மடக்கும் வரை அம்மா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. விலை உயர்ந்த காலணியும் ஊன்றுகோலும் தண்ணீர்ப் பையுமாக எங்களைக் கடந்து விரைந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். ஆமாம், சேலையும் ரப்பர் செருப்புமாகத்தான் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் யாராவது எட்டி நின்று படம் எடுத்து, இந்த அம்மாளுக்கு இயற்கை தெரியாது என்று எழுதியிருந்தால்?

இன்னொரு முறை என்சாண்டட் ராக் பூங்காவுக்குப் போனோம். 425 அடி உயரமுள்ள அந்த இளஞ்சிவப்புப் பாறையில் ஏற அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, அடிவாரத்தில் இருந்துவிட்டோம். அங்கே நின்ற மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும், ‘இது நம்ம சீமைக் கருவேலம்ல?’ என்றார். ஒன்றுவிட்ட உறவுதான், இலை, முள், தொங்கும் நெற்று எல்லாம் ஒரே சாயல். இந்த நெற்றை ஆடு விரும்பித் தின்னும், விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்போம் என்று அவர் சொன்னதை, பக்கத்தில் நின்ற முதிய தன்னார்வலர் ஒருவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் முகம் மலர்ந்து, இந்த மண்ணின் பூர்வகுடிகள் நெற்றை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டதையும், டெக்சாஸ்காரர்கள் இன்றுவரை இந்த விறகுப் புகையில் இறைச்சி வாட்டுவதையும் விளக்கினார். 1995 முதல் டெக்சாஸின் மாநிலச் செடியாக இருப்பது நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் இனம் என்று அவர் சொன்னபோது அம்மாவுக்கு ஒரே வியப்பு. இருவரும் ஒரு கள்ளியின் முன் நின்று, பாதி என் வழியாகவும் பாதி கையசைவிலும் வெகுநேரம் பேசினார்கள். காட்டில் விறகு பொறுக்கி வளர்ந்த தலைமுறைக்கு இயற்கையை அறிமுகப்படுத்த வேண்டிய நிலையில் நாம் யாரும் இல்லை.

‘செருப்போடு வருவது ஆபத்து’ என்பதும் ஒரு வாதமாக வந்தது. செங்குத்தான பாறையில் ஏறுகிறவர்களுக்கு அது சரி. கோடை வெயிலில் போதிய தண்ணீர் இல்லாமல் நடப்பதும் உயிருக்கே ஆபத்து. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு மலையேற்றக் காலணி?

குப்பை பற்றி எழுதியவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. காகிதத் தட்டையும் நெகிழிப் பையையும் விட்டுப்போகிறவர்களும், முதலைக்கு ரொட்டி எறிகிறவர்களும் தண்டிக்கப்பட வேண்டியவர்கள்தான். முதலைக்கு உணவு போடுவது டெக்சாஸில் சட்டப்படி குற்றம். 30 அடியாவது தள்ளி நிற்க வேண்டும் என்று பிரேசோஸ் பெண்ட் பூங்காவே அறிவுறுத்துகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசையின் காலில் ஒரு குப்பைப் பை கட்டியிருக்கிறது. வீட்டிலிருந்து நினைவாகக் கொண்டுவந்து கட்டிய பை. அது எவர் கண்ணிலும் படவில்லை. தூக்குவாளி மட்டும் பட்டிருக்கிறது.

எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் கோபத்துக்குக் காரணம் குப்பையும் இல்லை, இரைச்சலும் இல்லை. ‘வெள்ளைக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்’ என்று ஒருவர் வெளிப்படையாகவே எழுதிவிட்டார், மற்றவர்கள் எழுதாமல் நினைத்தார்கள். பூங்காவில் யார் இருப்பது கண்ணுக்கு உறுத்துகிறது என்ற கேள்விக்கு இந்த மண்ணில் ஒரு கொடிய வரலாறு உண்டு. இதே மாநிலப் பூங்காக்களில் கறுப்பின மக்களுக்கு நீண்டகாலம் இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் வழக்காடியும் போராடியும், 1964-இன் குடிசார் உரிமைச் சட்டம் வந்த பிறகே கதவு முழுமையாகத் திறந்தது. அப்படித் திறந்த கதவு வழியாகத்தான் நீங்களும் நானும் இன்று அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகிறோம். உள்ளே போனதும் திரும்பி நின்று, நம் வீட்டு அம்மாவைப் போன்ற ஒருவரைப் பார்த்து, நீ இங்கே பொருந்தவில்லை என்று சொல்ல எப்படி மனம் வந்தது? வெள்ளைக்காரக் குடும்பம் பக்கத்து மேசையில் இறைச்சி வாட்டிச் சாப்பிட்டால் நீங்கள் படம் எடுப்பதில்லையே!

கூட்டம் அதிகமாகிவிட்டது, உண்மையாக நடக்க வருகிறவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்ற குறை மட்டும் நியாயமானது. வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போய் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஏமாற்றம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் தயிர்சாதம் அன்று. டெக்சாஸ் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தனியாருடையது. மக்கள் தொகை பெருகும் வேகத்துக்குப் பொது நிலம் பெருகவில்லை. இருப்பதும் நிலையில்லை. ஃபேர்ஃபீல்ட் ஏரி மாநிலப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். 1970-களிலிருந்து குடும்பங்கள் மீன் பிடித்தும் கூடாரம் அடித்தும் வந்த இடம் அது. நிலம் குத்தகைக்கு எடுத்தது என்பதால், உரிமையாளர் அதை விற்றதும் 2023-இல் பூங்காவையே மூட வேண்டியதாயிற்று. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான், அதே ஆண்டு நவம்பரில், புதிய பூங்கா நிலம் வாங்க 100 கோடி டாலர் நிதியம் அமைக்கும் தீர்மானத்துக்கு மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். அப்படி வாக்களித்தவர்கள் எல்லோரும் மலையேறிகளா? பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மரத்தடியில் சாப்பிடப் போகிறவர்கள்தாம். அவர்களை வெட்கப்படுத்தி விரட்டிவிட்டால் அடுத்த முறை உங்கள் நடைபாதைக்காக யார் வாக்களிப்பார்கள்?

நண்பரே, உங்களை நான் நன்கு அறிவேன். உங்களிடமிருந்து பூங்காக்களைப் பற்றிக் கற்றும் இருக்கிறேன். அதனால்தான் வலிக்கிறது. அந்தப் படத்தை நீக்குங்கள். நீங்கள் பகிர்ந்த குழுக்களின் நிர்வாகிகளிடம் சொல்லி அங்கிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாள் ஊர் திரும்புவதற்குள் இது யாருடைய கைப்பேசி வழியாகவாவது அவர் கண்ணில் பட்டால், மிச்சமிருக்கும் நாள்களுக்கு அவர் வீட்டு வாசலைத் தாண்டமாட்டார்.

பெற்றோரை எங்கே அழைத்துப்போகலாம் என்று உள்பெட்டியில் கேட்டிருந்தவர்களுக்கு: பிரேசோஸ் பெண்டில் கிரீக்ஃபீல்ட் ஏரியைச் சுற்றி அரை மைல் நீளத்துக்குத் தளம் போட்ட சமமான பாதை இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும். பகல் அனுமதியை 30 நாள்களுக்கு முன்பிருந்தே இணையத்தில் பதிவு செய்யலாம். 12 வயதுவரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. கோடையில் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள்.